போர் வந்தால் பக்கத்தைத் தள்ளுகிறவருக்கு

நூலகரிடம் கேளுங்கள்

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 36 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறோம். செம்பனை ஆலை ஆபீசில் கிராணி வேலை. படிவம் ஒன்றில் படிக்கும்போது பள்ளி நூலகத்தில் ஹாரி பாட்டரைக் கையில் எடுத்ததிலிருந்து மாயக்கதை என்றால் எனக்கு உயிர். ஹாரி பாட்டர், நார்னியா, ஹாபிட், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எல்லாம் மனப்பாடம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் போர் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஹாபிட்டுகள் நடந்து போகிற பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஹாரி பாட்டரில் ஏழாவது புத்தகம் மட்டும் ஏனோ ஒட்டவில்லை. நார்னியாவில் அந்த விளக்குக் கம்பம் நிற்கிற பனிக்காடு வந்தால் போதும் எனக்கு.

இனி புதிதாக என்ன படிப்பது என்று தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கேம் ஆஃப் த்ரோன்ஸ், மிஸ்ட்போர்ன், வீல் ஆஃப் டைம் என்று சொன்னார்கள். மூன்றையும் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பழைய புத்தகத்தை எடுத்தாலும் ஐந்து பக்கத்தில் தூக்கம் வருகிறது. எனக்கு வயதாகிவிட்டதா அக்கா? தமிழில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? எங்கள் ஊர்க் கடையில் பயிற்சிப் புத்தகம் தவிர வேறு கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

என்ன படிப்பது என்பதற்கான விடை பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போர் வந்தால் பக்கத்தைத் தள்ளுவேன் என்கிறீர்கள். ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம் ஒட்டவில்லை என்கிறீர்கள். அந்தப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நகருகிற படிக்கட்டு இல்லை, விருந்துக் கூடம் இல்லை, பேசுகிற ஓவியங்கள் தொங்குகிற சுவர் இல்லை. கோட்டைக்கு அவர்கள் திரும்பி வருவதே கடைசியில்தான். நார்னியாவிலும் உங்களுக்கு நினைவில் நிற்பது விளக்குக் கம்பமும் பனியும்தான். யார் அரியணை ஏறினார்கள் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஆகவே, தங்கச்சி, நீங்கள் இடத்துக்காகப் படிக்கிறவர். ஓர் ஊருக்குள் நுழைந்து, அதன் சந்து பொந்தெல்லாம் பழகி, அங்கேயே கொஞ்ச காலம் இருந்துவிட்டு வர வேண்டும் உங்களுக்கு.

எங்கள் தொழிலில் இதை வைத்துத்தான் வேலை செய்கிறோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நூலகர் நான்சி பெர்ல் என்பவர் இதை அழகாக வகுத்துச் சொன்னார். புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு: கதை, மனிதர்கள், இடம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒரு வாசல் மற்றதைவிடப் பெரிதாகத் திறந்திருக்கும். வாசகருக்கும் அப்படியே, பழகிய வாசல் ஒன்று இருக்கும். 'அதில் டிராகன் இருந்தது, இதிலும் டிராகன் இருக்கிறது, எடுத்துப் போங்கள்' என்று கொடுத்தால் பெரும்பாலும் புத்தகம் பாதியில் திரும்பி வந்துவிடும். வாசலைப் பார்த்துக் கொடுத்தால் நிற்கும். நூலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களிடம் 'என்ன வகைப் புத்தகம் வேண்டும்?' என்று நான் கேட்பதில்லை. 'எந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்கள்?' என்றுதான் கேட்பேன். நீங்கள் கேட்காமலே சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் வாட்ஸ்அப் நண்பர்கள் சொன்ன மூன்றும் நல்ல எழுத்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றிலும் கதைவாசல்தான் பெரியது. மார்ட்டினுடைய கேம் ஆஃப் த்ரோன்ஸ் அரியணைச் சண்டை. சாண்டர்சனுடைய மிஸ்ட்போர்ன், ஒரு கூட்டம் சேர்ந்து திட்டம் போட்டுப் பேரரசைக் கவிழ்க்கிற கதை. வீல் ஆஃப் டைம் 1990இல் தொடங்கி 2013இல் முடிந்த 14 தொகுதிகள். அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமாகி, கடைசி மூன்றைச் சாண்டர்சன் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பறக்கிறவர்களுக்கு அவை விருந்து. போர்ப் பக்கத்தைத் தள்ளுகிற உங்களுக்கு அவற்றில் பாதிப் புத்தகமே தள்ள வேண்டிய பக்கமாகிவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். மார்ட்டினின் வரிசையில் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது, ஆறாவதற்கு இன்னும் உலகமே காத்திருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் படிக்கிறவர் முடியாத தொடரில் கால் வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

வயது விஷயத்துக்கு வருவோம். ஹாபிட் வெளிவந்த 1937இல் டோல்கீனுக்கு 45 வயது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முதல் தொகுதி வந்தபோது 62. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அவர் அதை எழுதினார் என்றால் 36 வயதில் நீங்கள் படிக்கக் கூடாதா? தூக்கம் வருவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். 13 வயதில் உங்களுக்கு விடுமுறை நாள் முழுக்கக் கையில் இருந்தது. இப்போது சமையல் முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, களைத்த கண்ணோடு கைப்பேசியில் படிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இடத்துக்காகப் படிக்கிறவருக்குக் கைப்பேசி ரொம்பவே இடைஞ்சல். வரைபடத்தைப் பெரிதாக்கினால் வரி போய்விடும், வரிக்குத் திரும்பினால் வரைபடம் போய்விடும், நடுவில் ஆபீஸ் குழுவில் யாராவது படம் அனுப்புவார்கள். முடிந்தவரை அச்சுப் புத்தகமாகப் படியுங்கள். முடியாதபோது வரைபடத்தை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தடித்த தொடர் வேண்டாம். இருநூறு, முந்நூறு பக்கத்தில் முடிகிற ஒற்றை நாவலாக எடுங்கள். முடித்துவிட்டோம் என்ற நிறைவு இருக்கிறதே, அது அடுத்ததை எடுக்க வைக்கும்.

சரி, எதை எடுப்பது?

முதலில் உர்சுலா லெ குவின். அவருடைய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வந்தது. ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸுக்கு 29 ஆண்டு முன்பே அதில் மந்திரவாதிகள் படிக்கிற பள்ளிக்கூடம், ரோக் என்கிற தீவில் இருக்கிறது. எர்த்ஸீ முழுக்கவே தீவுகள்தான். லெ குவின் கதையை எழுதுவதற்கு முன்பே வரைபடத்தை வரைந்துகொண்டவர். அதனால் ஒவ்வொரு தீவுக்கும் காற்று வேறு, மீன் வேறு, மக்களுடைய பழக்கம் வேறு. நாயகன் கெட், கோன்ட் என்கிற மலைத்தீவில் ஆடு மேய்க்கிற கொல்லன் மகன், செம்பு நிறத் தோல். தொடக்கத்திலேயே ஒரு காட்சி வரும். பெரியம்மா ஆட்டைக் கூப்பிடச் சொன்ன மந்திரத்தை அவன் ஒட்டுக்கேட்டு, மறுநாள் மலையில் தானே உரக்கச் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து அவனைச் சூழ்ந்து நெருக்குகின்றன. விலக்கத் தெரியவில்லை. கொம்பும் ரோமமும் மேலே மோத, அழுதபடி கிராமத்துக்குள் ஓடுகிறான், ஆடுகளும் ஒட்டிக்கொண்டே ஓடி வருகின்றன. மந்திரம் என்றால் என்ன, அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை இரண்டே பக்கத்தில் காட்டிவிடுவார். மந்தையோடு பழகியவர் யாரும் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள்.

அதன் இரண்டாம் நாவல் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. இது உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். பாலைவனத்தில் ஒரு பழைய கோயில், அதற்கு அடியில் இருட்டுக் குகை, அதிலிருந்து கிளை பிரிந்து போகிற சுரங்க வழிகள். அங்கே பூசாரியாக வளர்க்கப்படுகிற பெண் டெனார். குகைக்குள் விளக்குக் கொண்டுபோகவே கூடாது என்பது சட்டம். ஆகவே சுவரைக் கையால் தடவி, திருப்பங்களை எண்ணி எண்ணித்தான் அந்தப் பெண் வழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். படிக்கிற நாமும் அதே கணக்கோடு உடன் போகிறோம். போர் என்ற பேச்சே இல்லை. மூன்றாவது நாவல் 1972இல் வந்தது. அதன் பிறகு 18 ஆண்டு கழித்து, லெ குவினுக்கு 60 வயதானபோது, அதே டெனாரை நடுவயதுப் பெண்ணாக, கணவனை இழந்து பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவளாக வைத்து 'டெஹானு' எழுதினார். சட்டி பானை, ஆடு, அக்கம்பக்கத்துப் பேச்சு, நடுவில் டிராகன். பெண்கள் நாற்பதை நெருங்கும்போது படிக்க இதைவிட நல்ல மாயக்கதை எனக்குத் தெரியாது. இந்த நான்கையும் ஒரே தொகுதியாக்கிய 'எர்த்ஸீ குவார்ட்டெட்' பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அடுத்து, சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'. 2020இல் வந்து, 2021இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு வாங்கியது. இந்த நாவலில் உலகமே ஒரு வீடுதான். முடிவில்லாத கூடங்கள், கூடம் நிறையச் சிலைகள். கீழ்த்தளத்தில் கடல் புகுந்து அலையடிக்கிறது, மேல்தளத்தில் மேகம் தங்குகிறது. அங்கே தனியாக வாழ்கிறவன் எந்தக் கூடத்துக்கு எப்போது அலை ஏறும் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கிறான். ஆண்டுக்கு எண் போடாமல், தென்மேற்குக் கூடங்களுக்கு அல்பட்ராஸ் பறவை வந்த ஆண்டு என்று பெயர் வைக்கிறான். கதை மெதுவாகத்தான் அவிழும். யாரிடமும் கதைச்சுருக்கம் கேட்காமல் நேராகத் தொடங்குங்கள்.

பின்னோக்கிப் போவதும் நல்ல வழி. உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் எதைப் படித்து வளர்ந்தார்கள் என்று பாருங்கள். நார்னியா எழுதிய லூயிஸ் 1916இல் ஒரு ரயில் நிலையப் புத்தகக் கடையில் ஜார்ஜ் மெக்டொனால்டின் 'ஃபேன்டஸ்டஸ்' என்கிற பழைய நாவலை வாங்கினார். அது தன் கற்பனையையே மாற்றிப் போட்டுவிட்டதாகப் பிறகு எழுதியிருக்கிறார். அது 1858இல் வந்த புத்தகம், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது தன் அறையின் தரைவிரிப்பு புல்லாக மாறியிருப்பதைப் பார்க்கிறான், அறை காடாகிறது. விளக்குக் கம்பக் காட்டை விரும்பியவருக்கு இதன் உறவு சட்டென்று புரியும். ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை, பொறுமை வேண்டும். ஹோப் மிர்லீஸ் 1926இல் எழுதிய 'லட்-இன்-தி-மிஸ்ட்' இன்னும் எளிது. தேவதை நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வணிக ஊர். அந்த நாட்டுப் பழத்தை யாரும் வாயால்கூடச் சொல்லக் கூடாது, ஆனால் அது திருட்டுத்தனமாக ஊருக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூடி மறைக்கிறார்கள். சின்ன ஊரில் வாழ்கிறவர்களுக்கு அந்த மூடி மறைப்பெல்லாம் நன்றாகவே தெரிந்த சங்கதி.

இப்போது தமிழ். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

நம்மில் பலர் சிலப்பதிகாரத்தைக் கண்ணகி வழக்காடிய கதையாக மட்டும் பள்ளியில் படித்துவிட்டு மூடிவிட்டோம். பரீட்சைக்கு வேண்டியது அதுதான். இடத்துக்காகப் படிக்கிற நீங்கள் நேராக இந்திரவிழவு ஊர் எடுத்த காதைக்குப் போங்கள். புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாக இளங்கோ சொல்கிறார். ஒன்று வெள்ளிடை மன்றம். வெளியூர் வணிகர்கள் பெயரும் எண்ணும் எழுதிய சரக்கு மூட்டைகளைக் காவல் இல்லாமல் அங்கே போட்டு வைத்திருப்பார்கள். திருடன் ஒருவன் மூட்டையைத் தலையில் ஏற்றினால் அவ்வளவுதான், கழுத்து வலிக்க வலிக்க அந்த மன்றத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். வெளியே போகவும் முடியாது. இன்னொன்று இலஞ்சி மன்றம். அங்கே உள்ள குளத்தில் கூனரும் ஊமையரும் தொழுநோயாளரும் மூழ்கி எழுந்தால் நோய் நீங்கி நல்ல உடம்போடு வருவார்கள். மூன்றாவதில் ஒரு நெடிய கல் ஒளிவிட்டு நிற்கிறது. நஞ்சு உண்டவரும் பாம்பு கடித்தவரும் பேய் பிடித்தவரும் அதைச் சுற்றி வந்தால் துன்பம் தீரும். நான்காவது பூதசதுக்கம். பொய்த் தவவேடம் போடுகிறவன், பொய்ச்சாட்சி சொல்கிறவன், புறங்கூறுகிறவன், இவர்களெல்லாம் என் கைக்குத் தப்ப மாட்டார்கள் என்று நான்கு காதம் கேட்கக் கத்துகிற பூதம், கையில் கயிறோடு நிற்கிறது. ஐந்தாவது பாவை மன்றம். அரசன் செங்கோல் கோணினாலும் நீதி மன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசினாலும் அங்கிருக்கும் சிலை வாய் திறக்காது, கண்ணீர் மட்டும் விடும்.

ஒரு நகரத்தைக் கட்டி, அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மாய விதியை வைத்து, அந்த விதிகள் வழியாகவே மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை வேண்டினார்கள் என்று சொல்லிவிடுகிறார் இளங்கோ. ஃபேன்டஸி எழுத்தாளர்கள் இன்று உலகை உருவாக்குவது என்று சொல்லிப் பாடுபடுவது இதற்குத்தானே? அழுகிற அந்தப் பாவையை வைத்து மட்டும் முழு நாவல் எழுதலாம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆற்றாமைதான் வரும், நம் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து மன்றத்தை யாரும் கதையாகச் சொல்வதில்லையே என்று.

அடுத்தது மணிமேகலை. தூங்குகிற பெண்ணை மணிமேகலா தெய்வம் வானில் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவம் என்கிற தீவில் விடுகிறது. கண் விழித்தால் கடற்கரை மணல், ஆள் இல்லை, தெரிந்த இடம் எதுவும் இல்லை. தோழி சுதமதியைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண் தீவில் அலைகிற பகுதியை நிதானமாகப் படியுங்கள். அங்கே ஒரு பாத பீடம், அதைக் கண்டதும் முற்பிறப்பு நினைவுக்கு வருகிறது. அப்புறம் கோமுகிப் பொய்கை, ஆண்டுக்கு ஒரு நாள் நீர்மேல் வருகிற அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத சோறு. ஊருக்குத் திரும்பிய பிறகு, எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசியால் வாடுகிற காயசண்டிகை வருகிறாள். எதிர்காலம் சொல்கிற தூண்பாவை வருகிறது. தோட்டத்தில் பசியைப் பார்த்த பரம்பரை நம்முடையது. மந்திரத்தின் உச்சத்தில் ஒரு வாளை வைக்காமல் ஒரு சோற்றுக் கிண்ணத்தை வைத்த காப்பியம் நம்மிடம் இருக்கிறது என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

செய்யுளாகப் படிக்க வேண்டியதில்லை. உரைநடையில் முதலில் படியுங்கள், பிடித்த காதைக்கு மட்டும் மூலத்தைத் திறங்கள். மூல நூல் மதுரைத் திட்டம் என்கிற இணையத்தளத்தில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடு கிடைக்கும். இரண்டும் இலவசம்.

நவீனத் தமிழில் என்றால் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', 1997. சோனா என்கிற செந்நிற ஆற்றின் கரையில் ஒரு கற்பனை நகரம், மனிதன் கட்டியிருக்க முடியாது என்று தோன்றுகிற அளவுக்கு ஒரு கோயில், அதற்குள் படுத்திருக்கிற பெருமாள். அந்த ஊர்தான் நாவலின் நாயகன் என்றே சொல்லலாம். தத்துவ விவாதங்கள் நீளமாக வரும். வாசிப்பில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும், எல்லோருக்கும் இருக்கும். விவாதத்தில் மாட்டிக்கொண்டால், போர்ப் பக்கத்தைத் தள்ளியதுபோல இதிலும் நாலு பக்கம் தள்ளிவிட்டு ஊருக்குள் நடக்கலாம், தப்பில்லை. ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள். வாசிப்புப் பழக்கம் மறுபடி கைக்கு வந்த பிறகு, ஒரு நீண்ட பள்ளி விடுமுறையில் எடுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் ஈப்போ. அந்த ஈப்போவிலும் பத்து காஜாவிலும் 1931இல் நடக்கிற மாயக்கதை ஒன்று இருக்கிறது. யாங்ஸே சூ எழுதிய 'தி நைட் டைகர்', 2019. இறந்துபோன துரையின் வெட்டுப்பட்ட விரலைத் தேடிக் கண்டுபிடித்து, 49 நாளுக்குள் அவர் கல்லறையில் சேர்க்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்த 11 வயது வேலைக்காரச் சிறுவன். ஈப்போவில் நடன விடுதியில் வேலை செய்கிற ஒரு பெண். இடையில் புலியாக மாறும் மனிதனைப் பற்றிய பேச்சு. பத்து காஜா ஆஸ்பத்திரி, ரப்பர் மரம், மழை எல்லாம் நமக்குக் கண்ணால் பார்த்த இடம். நமக்குத் தெரிந்த சாலையில் ஒரு மாயம் நடக்கும்போது உடம்பு சிலிர்க்கும், அந்த அனுபவம் உங்களுக்கு ஒருமுறையாவது வாய்க்க வேண்டும்.

ஸென் சோ எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' 2021இல் வந்தது, பினாங்கில் நடக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்து ஊர் திரும்பிய பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல் பேச ஆரம்பிக்கிறது. பாட்டிக்குத் தீராத கோபம்: தான் கும்பிட்ட சாமியின் கோயிலை ஒரு கட்டுமான முதலாளி இடிக்கப் பார்க்கிறான். சீனக் குடும்பத்துக் கதைதான். ஆனால் தோட்டத்தை விற்றுத் தாமான் கட்டும்போது முனியாண்டி கோயிலை எடு என்று நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்த நமக்கு, அந்தச் சாமியின் சினம் வேற்றாளுடைய சினமாகத் தெரியாது. நம் தோட்டத்து முனிக்கும், ஆலமரத்தடிக் காளிக்கும், லயத்தில் நடுச்சாமத்தில் கேட்ட சலங்கைச் சத்தத்துக்கும் இப்படி ஒரு முழு நாவல் வர வேண்டும் என்று நான் ஆசையோடு காத்திருக்கிறேன். உங்கள் அப்பத்தா சொன்ன கதைகள் எதுவும் ஞாபகம் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் கண்டது, எழுதுகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.

பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவையும் விட்டுவிடாதீர்கள். பள்ளிப் பாடமாக நினைத்துத் தள்ள வேண்டாம். கெலிங் நாட்டிலிருந்து, அதாவது நம் முன்னோர் பக்கத்திலிருந்து, படையோடு வருகிற ராஜா சூரான் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்குகிறான். அங்கே ஓர் ஊர் இருக்கிறது, ஓர் இளவரசியை மணக்கிறான், பிறகு பறக்கும் குதிரையில் மேலே வருகிறான். அவன் வழியில் தாக்குகிற கங்கா நகரம் நம் பேராக்கின் டிண்டிங் பக்கம் இருந்ததாக அந்த நூல் சொல்கிறது. மலாயில் படிக்க வராவிட்டால் ஜான் லேய்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, 1821இல் வெளிவந்தது, காப்புரிமை இல்லை. தொடக்க அத்தியாயங்கள் மட்டும் போதும்.

கடை இல்லாத ஊரில் இதெல்லாம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டீர்கள். முதலில் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஈப்போ போகிற நாளில் துன் ரசாக் நூலகத்துக்குள் ஒரு நடை போய்வாருங்கள். கேட்ட புத்தகம் இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள், வாங்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாசகர் கேட்டார் என்பதுதான் எங்களுக்குப் பட்டியல் போட வலுவான காரணம். கேட்பவர் இல்லை என்பதால்தான் பல அலமாரிகளில் பயிற்சி நூலே நிறைந்து கிடக்கிறது. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா தளத்திலும் பதிந்துகொண்டு மின்நூல்களைத் தேடிப் பாருங்கள். பினாங்கு போனால் சௌராஸ்தா சந்தையின் மாடிக்கு ஏறுங்கள், பழைய புத்தகக் கடைகள் அங்கேதான். மாலையில் போகாமல் காலையில் போங்கள், குனிந்து தேட நேரம் வேண்டும். பிக் பேட் வூல்ஃப் புத்தக விற்பனை பக்கத்தில் எங்காவது வந்தால் அங்கே லெ குவின், கிளார்க் என்று பெயரை எழுதிக்கொண்டு போங்கள். பட்டியல் இல்லாமல் போனால் அட்டையில் வாளும் டிராகனும் போட்ட தடித்த புத்தகம்தான் கைக்கு வரும்.

எவ்வளவு படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மூடலாம்? இதற்கும் நான்சி பெர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 50 வயதுக்குள் இருந்தால் 50 பக்கம். அதைத் தாண்டியவர்கள் 100இல் தங்கள் வயதைக் கழித்து அவ்வளவு பக்கம் படித்தால் போதும். உங்களுக்கு 50. ஐம்பதாம் பக்கத்தில், இந்த ஊரில் எனக்கு ஒரு தெருவாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிடுங்கள். விஷ்ணுபுரத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்தி நூறு பக்கம் கொடுங்கள்.

பழைய புத்தகங்களைத் திரும்பப் படிப்பதை நிறுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நிறுத்த வேண்டாம். புதியதை மட்டும் அதன் பக்கத்தில் வைத்து உடனே ஒப்பிடாதீர்கள். இருபது ஆண்டு பழகிய ஊரோடு நேற்று வந்து இறங்கிய ஊர் போட்டி போட முடியாது.

என் வரிசை இதுதான்: எர்த்ஸீயின் முதல் இரண்டு நாவல், பிறகு இந்திரவிழவு ஊர் எடுத்த காதை உரைநடையில், அப்புறம் நைட் டைகர். அதற்குப் பின் உங்கள் விருப்பம். ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டால் அதையும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதோடு. அதை வைத்து அடுத்த பட்டியலை இன்னும் சரியாகப் போட்டுத் தருகிறேன்.